முத்துச் சிப்பியா, வெத்துச் சிப்பியா?

வேடந்தாங்கலுக்குப் போகிற ஜனம் பூராவும் அண்ணாந்துதான் பார்க்கிறது. கரையில் பைனாகுலர், கோபுரத்தில் பைனாகுலர். பைனாகுலர் கிடைக்காதவர்கள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு. சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள். நானும் என் தம்பியும் அந்தப் பக்கம் போனது கீழே பார்க்க. குனிந்து, சேற்றைக் கிளறி, சிப்பி பொறுக்க. ஆகவே எங்களுக்குப் பிடித்துக்கொண்டது இடுப்பு.

தம்பி என்றால் சித்தப்பா பையன். சென்னையில் ஒரு ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. மாமனாருக்குப் படாளம் பக்கத்தில் ஒரு கிராமம், கொஞ்சம் நிலம், ஊரில் நல்ல பேர். ஊர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தர அவரால் முடியும். இந்த விஷயம் எப்படியோ ஒரு முத்து வளர்ப்புக் கம்பெனி ஏஜென்ட்டின் காதுக்குப் போய்விட்டது.

"பத்தாயிரம் சிப்பி சார். ஒரு சிப்பிக்கு ரெண்டு முத்து. முத்து 200 ரூபாய்க்கு நாங்களே எடுத்துக்கறோம். நாற்பது லட்சம்! நீங்க கட்ட வேண்டியது வெறும் மூணு லட்சம். அதுவும் உங்க ஊர்க் குளத்துலயே சிப்பி கிடக்குமே, அதையே பிடிச்சுப் போட்டா செலவு இன்னும் குறையும்."

தம்பி இதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்து, சரியாக வருகிறது என்று என்னிடம் காட்டினான். வரத்தான் வரும். பெருக்கலில் தப்பு இருக்கிற மோசடியை இதுவரை யார் பார்த்திருக்கிறார்கள்? நானும் பி.காம். படித்தவன்தான். எனக்கு இடித்தது பெருக்கல் இல்லை, அந்த முதல் எண். பத்தாயிரம் சிப்பி. எந்தச் சிப்பி? அந்தக் குளத்தில் அது இருக்கிறதா?

"சிப்பின்னா சிப்பிதானேண்ணே?" என்றான் தம்பி.

"ஆபீஸ்ல ரசீதுன்னா ரசீதுதான்னு விட்டுருவியாடா? எந்த ரசீது, எந்தத் தேதின்னு பாக்க மாட்டே?"

அது அவனுக்குச் சுருக்கென்று பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைக்கை எடுத்துவிட்டோம். சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்கேல். கூடவே, இந்திய விலங்கியல் ஆய்வகம் 1989-ல் வெளியிட்ட சுப்பா ராவின் நன்னீர் நத்தை, சிப்பிக் கைநூலிலிருந்து சில பக்கங்களின் ஜெராக்ஸ்.

செங்கல்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலம் வருகிறது. பாலம் இருக்கிறது, மணல் இருக்கிறது, பால்... அதாவது தண்ணீர், கேட்கக்கூடாது. மாமண்டூர், அப்புறம் படாளம். நெடுஞ்சாலையிலிருந்து வலது பக்கம் திரும்பினால் சட்டென்று வேறு உலகம். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை. ஒரு ஏரியின் கரை முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஏரியின் கரை. நடுவில் நெல்.

மாசி மாதக் கடைசி. அறுவடை முடிந்த வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன, ரேஷன் கடை கியூ மாதிரி. வெள்ளையும் கறுப்புமாக ஆள் கம்பீரம். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். பாக்குவெட்டியை அரைகுறையாக மூடி வைத்த மாதிரி. குஞ்சுகளுக்கு இந்தச் சந்து கிடையாது. வளர வளரத்தான் வருகிறது. அந்தச் சந்தில் வைத்து நத்தையை உடைக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் பல நேரம் உடைப்பதே இல்லை. கீழ் அலகின் கூர்முனையை உள்ளே விட்டு, நத்தையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை வெட்டி, சதையை மட்டும் உருவி எடுத்துவிடுகிறது. வரப்பில் கிடந்த ஆப்பிள் நத்தை ஓடுகளை எடுத்துப் பார்த்தோம். பலது முழுசாகவே இருந்தது. பூட்டை உடைக்காமல் உள்ளே போன திருடன்.

நத்தைக்கும் சிப்பிக்கும் வித்தியாசம் தெரியாதவர் இருக்க மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஓட்டைக் காட்டி, "இதுல முத்து வருமாண்ணே?" என்றான் தம்பி. நத்தைக்கு ஒரே ஓடு, சுருள். சிப்பிக்கு இரண்டு மூடி, நடுவில் கீல். டெபிட், கிரெடிட் மாதிரி இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். இப்படிச் சொன்னதும் டக்கென்று பிடித்துக்கொண்டான்.

வழியில் வேடந்தாங்கலில் அரை மணி நேரம் நின்றோம், காபி ஒரு காரணம். சுமார் 30 ஹெக்டேர்தான் இந்த ஏரி. நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன; மரம் தெரியாத அளவுக்குப் பறவை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது ஊர் ஜனங்கள் கலெக்டரிடம் முறையிட, 1798-ல் லயோனல் பிளேஸ் என்கிற கலெக்டர் பறவைகளைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஜனங்களுக்கு இதில் பக்தி பாதி, கணக்கு பாதி. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் போனால் உரச்செலவு மிச்சம். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். சரணாலயத்துக்குள் எதையும் பொறுக்கக்கூடாது என்பதால் கையைப் பையில் விட்டுக்கொண்டு காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

மாமனார் ஊர்க் குளம் பெரிசு இல்லை. ஒரு பக்கம் படித்துறை, ஒரு பக்கம் அரச மரம், மூன்றாவது பக்கம் மதகு. தண்ணீர் பாதிக்கு இறங்கி, சேறு வெடிக்க ஆரம்பித்திருந்தது. அரச மரத்தடிக்குப் பக்கத்திலேயே குவியலாகக் கிடந்தது சிப்பி. கறுப்பும் பழுப்புமாக, சிலது திறந்து, உள்ளே வெயில் பட்டுப் பளபளவென்று.

"அண்ணே! முத்து கலர்!" என்று தம்பி ஓடினான். மனதில் நாற்பது லட்சமும் கூடவே ஓடியிருக்கும்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு இரண்டு ஆம்பிளைகள் ஸ்கேல் வைத்துச் சிப்பி அளந்தால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது?

"இன்னாப்பா, ரோட்டு ஆபீஸா?"

"இல்ல ஆயா. இது என்ன சிப்பின்னு பாக்க வந்தோம்."

"சிப்பிதான் கண்ணு. இதுல இன்னா பாக்கறது?" தம்பி என்னைப் பார்த்து வெற்றிகரமாகச் சிரித்தான்.

நான் ஜெராக்ஸை விரித்தேன். சிப்பியைக் கையில் எடுத்தால் முதலில் தேட வேண்டியது கீலுக்குப் பக்கத்தில் மேடாகத் தெரியும் முனையை. சிப்பி பிறந்து வளர ஆரம்பித்த இடம் அதுதான். அங்கேயிருந்துதான் வளையம் வளையமாக ஓடு பெரிசாகிறது. அந்த மேட்டுக்குப் புத்தகத்தில் இருக்கிற பெயர் அம்போ. சத்தியமாக! குளத்தைக் குத்தகைக்கு எடுத்து அம்போவென்று போகாமல் இருக்க, அம்போவைப் பார்க்க வேண்டும். எங்கள் குவியலில் பல சிப்பிகளுக்கு அம்போ அரிக்கப்பட்டு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. அதிக நாள் தண்ணீரில் கிடந்த, வயசான சிப்பிகளில் சகஜமாகப் பார்க்கிற விஷயம் அது.

அடுத்தது வடிவம். நீள்வட்டம், மெல்லிய ஓடு, வெளியே கரும்பழுப்பு, வழவழப்பு. ஓரத்தில் மட்டும் வேட்டிக்கு ஜரிகை மாதிரி வெளிறிய மஞ்சள் பட்டை. இந்த ஓரப் பட்டைதான் இதன் அடையாளம், இதன் பெயரும்கூட: லமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ். மார்ஜின் என்றால் ஓரம்தானே? 1819-ல் பெயர் வைத்தவர் பிரான்சின் லமார்க். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து ஏன் நீண்டது என்று சொல்லி, பத்தாம் வகுப்பில் நம்மிடம் மாட்டிக்கொண்ட அதே லமார்க். அந்தக் காலத்தில் அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. மகள் கூட இருந்து எழுத உதவினார். சிப்பியின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தபோது எனக்கு அந்தக் கிழவர் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் ஓரப் பட்டையை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. காய்ந்துபோனால் மேல்தோல் உரிந்து பட்டையும் போய்விடும். நிச்சயமான சாட்சி உள்ளே இருக்கிறது. கீல் இருக்கும் விளிம்பைப் பார்த்தால் பற்கள் மாதிரி மேடுகள் தெரியும். ஒரு மூடியின் பல் இன்னொரு மூடியின் பள்ளத்தில் உட்காரும். லமெல்லிடென்ஸுக்கு இந்தப் பல் கத்தி அலகு மாதிரி மெல்லிசாக, நீளமாக இருக்கும். நகத்தை வைத்து ஓட்டினாலே தெரியும். இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் உண்டு, கோரியானஸ் என்று. அவன் இன்னும் கொஞ்சம் ஒடுக்கம், முதுகு கொஞ்சம் நேர்கோடு. இரண்டையும் பிரிப்பது இரட்டைப் பிள்ளைகளைப் பிரிக்கிற மாதிரி. பழகினவர்களே தடுமாறுவார்கள். நல்லவேளை, எங்கள் வழக்குக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. இரண்டுமே முத்து வளர்க்க ஆகும்.

ஆமாம், ஆகும். தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புவனேஸ்வரத்தில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் நாட்டில் நன்னீர் முத்து வளர்ப்புக்குத் தோது என்று அவர்கள் சொல்வது மூன்று ஜாதி. இந்த இரண்டு, அப்புறம் பார்ரேசியா கொருகேட்டா. தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் குளித்து எடுத்தது கடல் சிப்பி. அது வேறு குடும்பம், குளத்தில் போட்டால் செத்துப்போகும்.

மூன்றாவது ஜாதியை மதகு வாய்க்காலில் கண்டுபிடித்தோம். மற்றதைவிடச் சின்னது, உப்பலான வட்டம், பச்சை கலந்த பழுப்பு. அம்போவைச் சுற்றி, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கோணல் கோணலான சுருக்கங்கள். கீல் பல் தடித்து முரடாக இருக்கும். கூடவே பொத்தான் அளவில் முக்கோண உருவில் சில சிப்பிகள். மேலே வளையம் வளையமாக வரம்பு. உள்ளே திருப்பினால் பளபளப்பே இல்லை, பீங்கான் கோப்பை மாதிரி இருக்கிறது, சிலதில் ஊதா. இது கார்பிகுலா. முத்துப் பூச்சு இல்லாத சிப்பியில் மினுக்கும் முத்து எங்கே வரும்? "இது வெத்துச் சிப்பி" என்று தனியே வைத்தான் தம்பி. அந்தப் பெயரை அவன்தான் வைத்தான். லமார்க் கோவித்துக்கொள்ள மாட்டார்.

பிறகு அவன் தொழில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. குவியலிலிருந்து லமெல்லிடென்ஸ் மூடிகளை மட்டும் எடுத்து அடுக்கினான். மொத்தம் 60. "அப்ப முப்பது சிப்பி" என்றான். அவசரப்படாதே என்று இடது வலது பார்க்கச் சொன்னேன். அம்போவை மேலே வைத்துக்கொண்டு, அதற்குக் கிட்டேயுள்ள குட்டைப் பக்கம் நமக்கு எதிரே போகும்படி பிடித்தால், இடது கைப் பக்கம் வருவது இடது மூடி. பிரித்ததில் இடது 34, வலது 26. அப்படியானால் குறைந்தது 34 சிப்பி. ஆடிட்டிங் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் சி.ஏ. முடித்திருப்பேன்.

கடைசியில் ஸ்கேலை எடுத்து அளந்தோம். ஒன்றுகூட 8 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. முத்து வளர்க்க 8 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சிப்பியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று தம்பி எங்கேயோ படித்திருந்தான். "அத்தனையும் ஃபர்ஸ்ட் கிளாஸ் சரக்குண்ணே!" என்று குதித்தான்.

எனக்கு அங்கேதான் உறுத்தியது. அத்தனையும் பெரிசு என்றால் சின்னது எங்கே? ஒரு ஊருக்குப் போய்த் தெருத்தெருவாகத் தாத்தாவும் பாட்டியும் மட்டும் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்போம்?

"ஆயா, இந்தச் சிப்பிய யாரு எடுத்துப் போட்டது?"

"மீன் புடிக்கறவங்கதான். வலையில சிக்கும், கரையில கடாசுவாங்க."

சரி, வலைக் கண்ணில் சின்னது நழுவியிருக்கலாம். அதனால் குவியலை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்குப் போனோம். கால் புதைகிற சேற்றில் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் விரலால் துழாவினோம். மாமனார் வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டு ஆள் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். உயிரோடு மூன்று சிப்பி கிடைத்தது. தொட்டதும் கப்பென்று மூடிக்கொண்டது. மூன்றும் பெரிசு. குட்டி ஒன்றுகூட இல்லை.

சிப்பி எப்படிக் குட்டி போடுகிறது என்பது ஒரு தனிக் கதை. தாய்ச் சிப்பி முட்டையைத் தன் செவுளில் வைத்து வளர்த்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடிக் குஞ்சுகளைத் தண்ணீரில் விடுகிறது. குஞ்சு நேரே சேற்றில் விழுந்தால் சாவு. ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ தொற்றிக்கொள்ள வேண்டும். சில வாரம் ஓசிப் பயணம், ஓசிச் சாப்பாடு. அப்புறம் உதிர்ந்து, சேற்றில் குடித்தனம். எல்லா மீனும் எல்லாச் சிப்பிக்கும் ஆகாது. அந்தந்தக் குளத்துச் சிப்பிக்கு அந்தந்தக் குளத்து மீன்தான் பஸ்.

"இந்தக் கொளத்துல இன்னா மீனு ஆயா?" என்னையறியாமல் எனக்கும் அந்தப் பாஷை வந்துவிட்டது.

"முன்ன கெளுத்தி, குறவை, கெண்டை எல்லாம் கெடந்தது. இப்ப ஏலம் எடுக்கறவன் குஞ்சு வாங்கியாந்து உடறான். மிச்சம் பூரா ஜிலேபிதான். வருசா வருசம் மோட்டார் போட்டு எறைச்சுட்டு வழிச்சு எடுத்துடுவான். சேத்துல ஒரு பொடி கூட மிஞ்சாது."

ஜிலேபி என்றால் இனிப்பு இல்லை, திலேப்பியா. ஆப்பிரிக்கச் சரக்கு, 1952-ல் நம் நாட்டுக்கு வந்தது. குளத்தை வருஷா வருஷம் வற்ற இறைத்து, மீனையெல்லாம் துடைத்து எடுத்தால் சிப்பிக் குஞ்சுக்குப் பஸ் ஏது? இந்த ஊர்ச் சிப்பிகள் ஆழமான சேற்றில் புதைந்து எப்படியோ தப்பித்த கிழங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீரை உறிஞ்சி, பாசியை வடிகட்டிக் குளத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, வாரிசு இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஏஜென்ட் சொன்ன மாதிரி இங்கிருந்து ஆயிரம் பிடிக்கலாம் என்றால், அது வட்டியை எடுப்பது இல்லை. முதலையே எடுத்துக் கணக்கை மூடுவது. இதைத் தம்பிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று சிப்பியையும் அவனே ஆழமான இடமாகப் பார்த்து நடந்து போய் விட்டுவிட்டு வந்தான்.

மத்தியானம் மாமனார் வீட்டில் சாப்பாடு. குழம்பில் அதே ஜிலேபி மீன். ருசியில் குறை சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது படாளம் டீக்கடையில் மீதிக் கணக்கைப் போட்டோம். முத்து வளர்ப்பு பொய் கிடையாது, செய்கிறவர்கள் செய்கிறார்கள். ஆனால் அது சிப்பிக்கு ஆபரேஷன் செய்கிற வேலை. மூடியை லேசாகத் திறந்து, உள்ளே கருவாக ஒரு உருண்டையோ, பிள்ளையார் மாதிரி ஒரு அச்சோ வைத்து, பத்து நாள் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி தனித் தொட்டியில் பார்த்துக்கொண்டு, பிறகு நைலான் வலைப் பையில் போட்டுக் குளத்தில் தொங்கவிட வேண்டும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும். சாகிறது சாகும். வைத்ததைத் துப்புகிறது துப்பும். பிழைத்ததிலும் கோணல் முத்து உண்டு. அந்தப் பக்கம் சீனாக்காரன் வேறு ஜாதிச் சிப்பியில் ஒரே சமயத்தில் டஜன் கணக்கில் முத்து எடுத்து உலகம் பூராவும் இறக்குகிறான். 200 ரூபாய் என்று விலை வைப்பது ஏஜென்ட்டா, சீனாக்காரனா? தம்பி பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, இடம் போதாமல் என் ஜெராக்ஸிலும் எழுதினான்.

இரண்டு நாள் கழித்து என் எதிரிலேயே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டான்.

"சார், நீங்க சப்ளை பண்றது எந்தச் சிப்பி?"

"முத்துச் சிப்பி சார்."

"லமெல்லிடென்ஸா, பார்ரேசியாவா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் சார். நீங்க பணத்தை எப்ப கட்டறீங்க?"

தம்பி இன்னும் கட்டவில்லை. புவனேஸ்வரத்தில் பயிற்சி வகுப்பு எப்போது என்று கேட்டு எழுதியிருக்கிறான். மாமனாரிடம், அடுத்த ஏலத்தில் குளத்தை ஒட்ட இறைக்காமல் நடுவில் ஒரு ஆள் ஆழம் தண்ணீரை விட்டுவைக்கச் சொல்லிப் பஞ்சாயத்தில் பேசிப் பார்க்கும்படி கேட்டிருக்கிறான். மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று அவர் எனக்குப் போன் பண்ணி விசாரித்தார்.